தீர்ப்பு வந்த பிறகும் வழி உண்டு

ஸ்ரீராம்புரம் பெங்களூரில் இருக்கிறது. நகர ரயில் நிலையத்துக்குப் பக்கம். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடு தூரம் இல்லை. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர் வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று போய் வந்துகொண்டே இருப்பார்கள்.

இப்படி மாநில எல்லையைத் தாண்டுவது குற்றமா? இல்லை. இந்தியா முழுவதும் போய் வர நமக்கு உரிமை உண்டு. இதை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ கூட்டிச் சென்றால் அது குற்றம். 18 வயது ஆகாத பிள்ளையைப் பெற்றோருக்குத் தெரியாமல் கூட்டிச் சென்றாலும் குற்றம். பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிச் சென்றாலும் குற்றம்தான். வேறு மாநிலத்துக்குக் கூட்டிச் சென்றாலும் குற்றம்தான். இதைக் கடத்தல் என்கிறோம்.

முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவில் இந்த வழக்கைப் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அதில் இது 137-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அபராதமும் உண்டு.

கடத்தல் கொடிய குற்றம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போய் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டனை கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் சில வழக்குகளில் தப்பு செய்யாதவரும் மாட்டிக்கொள்வார். கோர்ட் அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்துக்கு வந்த சிக்கல்

ஸ்ரீராம்புரத்தில் ஒரு வேன் ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவு ஒரு பையன் வருகிறான். கூட ஒரு பெண். "கிருஷ்ணகிரியில் மாமா வீட்டுக்குப் போகணும் அண்ணா" என்கிறான். வாடகை பேசுகிறார்கள். ஓட்டுநர் கொண்டுபோய் விடுகிறார். வாடகையை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்.

அந்தப் பெண்ணுக்கு 17 வயது. அவள் அப்பா போலீசில் புகார் கொடுக்கிறார். பையன் மீது வழக்கு. ஓட்டுநர் மீதும் வழக்கு. ஓட்டுநர் ஜாமீனில் வெளியே வருகிறார். வழக்கு நடக்கிறது. கடைசியில் மாஜிஸ்திரேட் தீர்ப்பு சொல்கிறார். ஓட்டுநருக்கு ஓர் ஆண்டு கடுங்காவல். அன்றே சிறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஓட்டுநரின் மனைவி வீட்டில் உட்கார்ந்து அழுகிறாள். 12 நாள் ஓடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வருகிறார்.

"கோர்ட்டே சொல்லியாச்சு. இனிமே என்னக்கா பண்றது?"

"ஒரு கோர்ட்டுதானேம்மா சொல்லியிருக்கு. மேலே இன்னும் கோர்ட் இருக்கு. தீர்ப்புக் காகிதம் கையிலே இருக்கா?"

"அவர்கிட்ட ஏதோ கொடுத்தாங்களாம். என்னன்னு தெரியலை."

"முதல்ல அதை வாங்கு. நாளை எண்ணு. 30 நாள்தான் இருக்கு. அதுல 12 போயிடுச்சு."

அக்கா சொன்னது மிகச் சரி. தீர்ப்பு வந்ததும் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. தீர்ப்பு நகலை வாங்க வேண்டும். நாளை எண்ண வேண்டும்.

அப்பீல் என்றால் என்ன?

ஒரு கோர்ட் சொன்ன தீர்ப்பு தவறு என்று நினைக்கிறோம். அதைவிட மேலே உள்ள கோர்ட்டில் முறையிடுகிறோம். இதுதான் அப்பீல். தமிழில் மேல்முறையீடு. கன்னடத்தில் மேல்மனவி. பெங்களூர் கோர்ட் காகிதத்தில் மேல்மனவி என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர் மேல்முறையீடுதான் அது.

அப்பீலில் வழக்கு முதலிலிருந்து நடக்காது. சாட்சிகளை மறுபடி கூப்பிடுவது அபூர்வம். சாட்சிகள் முன்பு சொன்னது எழுத்தில் இருக்கும். மேல் கோர்ட் அதைப் படித்துப் பார்க்கும். கீழ்க் கோர்ட் சரியாகப் பார்த்ததா, சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்க்கும்.

பிறகு மேல் கோர்ட் நான்கில் ஒன்றைச் செய்யலாம்.

1. குற்றம் இல்லை என்று விடுதலை செய்யலாம்.
2. தண்டனையைக் குறைக்கலாம்.
3. மறுபடி விசாரிக்கச் சொல்லலாம்.
4. கீழ்க் கோர்ட் சொன்னதே சரி என்று சொல்லலாம்.

"அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ?" என்று பலர் பயப்படுகிறார்கள். தண்டனை பெற்றவர் மட்டும் அப்பீல் போட்டிருந்தால், அந்த அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. தண்டனை போதாது என்று அரசு தனியாக அப்பீல் போட்டால் அது வேறு விஷயம்.

அப்பீல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தம் இல்லை. குற்றவாளி தப்பிவிட்டான் என்று நினைத்தால், பாதிக்கப்பட்டவரும் அப்பீல் போடலாம். இந்த உரிமை 2009 கடைசியில் நடப்புக்கு வந்தது.

சென்னையில் நடந்த ஒரு வழக்கு

இது உண்மையாக நடந்தது. வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம் என்பது வழக்கின் பெயர். இன்றும் வக்கீல்கள் இந்த வழக்கைச் சொல்லி வாதாடுகிறார்கள்.

அது 1960-ஆம் ஆண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். அவளுக்கு 18 வயது நிறைய ஒன்றரை மாதம் இருந்தது. பக்கத்தில் இருந்த வரதராஜனை அவள் விரும்பினாள். வீட்டில் தெரிந்துவிட்டது. அவள் அப்பா அவளைக் கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள், அதாவது 1960 அக்டோபர் 1-ஆம் தேதி, அந்தப் பெண் அந்த வீட்டை விட்டுத் தானே வெளியே வந்தாள். வரதராஜனுக்கு அவளே போன் செய்தாள். இன்ன தெருவுக்கு வரச் சொன்னாள். அவளே நடந்து அங்கே போய் நின்றாள். அவர் காரில் வந்தார். இருவரும் பதிவு அலுவலகம் போனார்கள். கல்யாண ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு சாத்தூர், சீர்காழி, கோயம்புத்தூர் என்று பல ஊர் போனார்கள். கடைசியில் தஞ்சாவூரில் போலீசார் அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

வரதராஜன் மீது கடத்தல் வழக்கு போட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் ஓர் ஆண்டு கடுங்காவல் தண்டனை கொடுத்தது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அங்கும் தோற்றார். அதோடு அவர் நிற்கவில்லை. டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் போனார்.

1964 செப்டம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நீதிபதி முதோல்கர் அந்தத் தீர்ப்பை எழுதினார். வரதராஜன் விடுதலை ஆனார்.

காரணம் என்ன? சட்டத்தில் கூட்டிச் செல்வது என்று இருக்கிறது. கூட்டிச் செல்வது வேறு. கூட வரச் சம்மதிப்பது வேறு. அந்தப் பெண் விவரம் தெரிந்தவள். தானே முடிவு செய்து வீட்டை விட்டு வந்தாள். அவளை வீட்டை விட்டு வரும்படி வரதராஜன் தூண்டியதாகச் சாட்சி இல்லை. அவள் கிளம்பி வந்த பிறகு அவர் கூட இருந்தார். அவ்வளவுதான். அது கடத்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பாருங்கள். இரண்டு கோர்ட் குற்றவாளி என்று சொன்னது. மூன்றாவது கோர்ட் இல்லை என்றது. நடந்த சம்பவம் ஒன்றுதான். சாட்சியும் அதே சாட்சிதான். ஒரு சொல்லின் பொருளை மேல் கோர்ட் கவனமாகப் பார்த்தது. முதல் தீர்ப்போடு அவர் ஓய்ந்து போயிருந்தால் கடைசி வரை குற்றவாளி என்ற பெயர்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்

இந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, "பெண் தானே வந்தால் தப்பில்லை" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆசை காட்டி, பரிசு கொடுத்து, மனசை மாற்றி வரவழைத்தால் அது கடத்தல்தான். குஜராத்தில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. 1973-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனை சரி என்று சொல்லிவிட்டது.

இன்னொன்று. 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் அது. 18 வயது ஆகாதவர் உடலுறவுக்குச் சம்மதித்தாலும் அந்தச் சட்டத்தில் அது சம்மதம் ஆகாது. "பார்த்தால் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள்" என்று சொன்னாலும் போதாது. அதனால் இன்று வழக்கு இன்னும் கடுமை.

நம் வேன் ஓட்டுநரின் அப்பீலில் எதைப் பார்ப்பார்கள்? அந்தப் பெண்ணின் வயதுக்குச் சான்றிதழ் இருக்கிறதா? பையனும் பெண்ணும் போட்ட திட்டம் ஓட்டுநருக்குத் தெரியுமா? தெரிந்து உதவினாரா? இல்லை, எல்லாச் சவாரியும் போல இதையும் கூலிக்கு ஓட்டினாரா? சாட்சிகள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள்? இந்தக் கேள்விகளில்தான் அவர் அப்பீல் நிற்கும்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு

நம் நாட்டில் எல்லை தாண்டுவது தனிக் குற்றம் இல்லை என்று பார்த்தோம். அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே 1910-இல் மான் சட்டம் என்று ஒன்று வந்தது. தவறான நோக்கத்துக்காகப் பெண்ணை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது அந்தச் சட்டப்படி குற்றம்.

சக் பெர்ரி என்பவர் அங்கே புகழ்பெற்ற பாடகர். கறுப்பின மக்களைச் சேர்ந்தவர். 14 வயதுப் பெண் ஒருத்தியை வேறு மாநிலத்திலிருந்து கூட்டி வந்ததாக அவர் மீது வழக்கு. 1960-இல் அவருக்கு 5 ஆண்டு தண்டனை கிடைத்தது. அவர் அப்பீல் போட்டார். விசாரித்த நீதிபதி அவருடைய இனத்தைக் குறித்து இழிவாகப் பேசியிருந்தார். அந்த விசாரணை செல்லாது, மறுபடி விசாரியுங்கள் என்று மேல் கோர்ட் சொன்னது.

1961-இல் மறுபடி விசாரணை நடந்தது. அதிலும் அவர் குற்றவாளி என்றே முடிவானது. ஆனால் தண்டனை 3 ஆண்டாகக் குறைந்தது. அவர் சிறைக்குப் போனார்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. குற்றம் செய்தவராக இருந்தாலும் அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்க வேண்டும். அப்பீல் போட்டால் கட்டாயம் ஜெயிப்போம் என்பதும் இல்லை.

நாள் கணக்கு

அப்பீலுக்கு நாள் கணக்கு மிக முக்கியம்.

மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். அதற்கு 30 நாள்.

செஷன்ஸ் கோர்ட் விசாரித்துத் தண்டனை கொடுத்தால் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட வேண்டும். அதற்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான்.

உயர் நீதிமன்றத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம். அதற்கு 90 நாள்.

தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் 1-ஆம் தேதி தீர்ப்பு என்றால் 30-ஆவது நாள் மார்ச் 31. மனு கொடுத்து நகலுக்காகக் காத்திருந்த நாளையும் கழித்துக்கொள்வார்கள்.

நாள் கடந்துவிட்டால்? அப்போதும் கதவு முழுக்க மூடாது. ஏன் தாமதம் ஆனது என்று மனுவில் எழுத வேண்டும். நோய், தகவல் தெரியாதது, நகல் கிடைக்காதது என்று உண்மையான காரணம் சொல்ல வேண்டும். கோர்ட் ஏற்றுக்கொண்டால் அப்பீலை எடுத்துக்கொள்ளும்.

மிகச் சிறிய தண்டனைக்கு அப்பீல் இல்லை. மாஜிஸ்திரேட் 100 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் போட்டால் அப்பீல் போட முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவருக்கும் பெரும்பாலும் அப்பீல் இல்லை. தண்டனை அதிகம் என்று மட்டும் அவர் முறையிடலாம். அதனால் "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

தீர்ப்பு நகல் இலவசம்

சிறைத் தண்டனை கொடுத்தால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும். இது சட்டம்.

1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கைதியின் வழக்கு வந்தது. அவருக்குத் தீர்ப்பு நகல் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகியிருந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதினார். நகலைக் கைதியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். அப்பீலுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லாத கைதிக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்றும் சொன்னார்.

பெங்களூர்த் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தீர்ப்பு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நம் மொழியில் மொழிபெயர்த்துத் தரும்படி மனு கொடுக்கலாம். முடிந்தால் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே போட வேண்டும்.

சிறையில் இருந்தாலும் அப்பீல் போடலாம்

சிறையில் இருப்பவர் வெளியே வந்துதான் அப்பீல் போட வேண்டும் என்பது இல்லை. மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். அவர் அதை மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பரப்பன அக்ரஹாரா சிறையில் இருப்பவரும் இப்படிச் செய்யலாம்.

அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் தரும்படியும் கேட்கலாம். தண்டனை 3 ஆண்டுக்குள் இருக்கிறது, ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர் என்றால், தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே அன்றே கேட்கலாம். அப்பீல் போடப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். நம் வேன் ஓட்டுநருக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் பெரும்பாலும் அன்று மாலை வீட்டுக்கு வந்திருப்பார்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பணம் இல்லாததால் அப்பீலை விட வேண்டாம். 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1995 நவம்பர் 9 முதல் அது நடப்பில் உள்ளது. அதன்படி இவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

- பெண்கள்
- பிள்ளைகள்
- தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்
- சிறையிலோ காவலிலோ இருப்பவர்கள்
- கடத்தலுக்கு ஆளானவர்கள்
- வருமானம் குறைந்தவர்கள்

பெங்களூரில் கோர்ட் வளாகத்தில் இந்த அலுவலகம் உண்டு. கன்னடத்தில் கானூனு சேவா பிராதிகார என்று பலகை இருக்கும். மாநில அலுவலகம் சித்தய்யா சாலையில் நியாய தேகுல கட்டிடத்தில் உள்ளது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கோர்ட் வாசலில், "நீதிபதியை எனக்குத் தெரியும், பணம் கொடு" என்று சிலர் வருவார்கள். அவர்களிடம் ஏமாறக் கூடாது. நேராக அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

எந்த ஊர்க் கோர்ட்?

கடத்தல் வழக்கை இரண்டு ஊரில் நடத்தலாம். ஆளைக் கூட்டிச் சென்ற ஊரிலும் நடத்தலாம். கொண்டுபோய் வைத்த ஊரிலும் நடத்தலாம். ஸ்ரீராம்புரத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போனால், வழக்கு பெங்களூரிலும் நடக்கலாம். கிருஷ்ணகிரியிலும் நடக்கலாம்.

வழக்கு நடந்த மாநிலத்தில்தான் அப்பீலும். பெங்களூரில் மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்தால், மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கம் உள்ள சிட்டி சிவில் கோர்ட் வளாகத்தில் செஷன்ஸ் நீதிபதிகள் இருக்கிறார்கள். அதற்கு மேலே கப்பன் பார்க் அருகே உள்ள சிவப்புக் கட்டிடம். அதுதான் கர்நாடக உயர் நீதிமன்றம். கிருஷ்ணகிரியில் தண்டனை கிடைத்தால் அங்கே உள்ள செஷன்ஸ் கோர்ட். அதற்கு மேலே சென்னை உயர் நீதிமன்றம். தவறான ஊருக்கு அலைந்தால் நாள் வீணாகும்.

நம் ஓட்டுநரின் மனைவி என்ன செய்யலாம்? 13-ஆம் நாள் காலையில் சிறைக்குப் போகலாம். கணவரிடம் உள்ள தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்கலாம். சட்ட உதவி அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கலாம். இன்னும் 17 நாள் கையில் இருக்கிறது. இந்த வேலைக்கு அது போதும்.

நினைவில் வையுங்கள்

1. முதல் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல.
2. தீர்ப்பு நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.
3. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.
4. தண்டனையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.
5. வசதி இல்லாவிட்டால் இலவச வக்கீல் கேளுங்கள்.

புதிய சொற்கள்

மேல்முறையீடு – மேல் கோர்ட்டில் முறையிடுவது
நகல் – காகிதத்தின் பிரதி
ஜாமீன் – திரும்ப வருவேன் என்று உறுதி கொடுத்து வெளியே வருவது
கடுங்காவல் – வேலை செய்ய வேண்டிய சிறைத் தண்டனை
செஷன்ஸ் கோர்ட் – மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மேலே உள்ள கோர்ட்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு ______ நாளில் அப்பீல் போட வேண்டும்.
2. சட்ட உதவிக்கான போன் எண் ______.
3. வரதராஜனை விடுதலை செய்தது ______ நீதிமன்றம்.

கணக்குப் போடுங்கள்

ஜூன் 10-ஆம் தேதி மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்தார். எந்தத் தேதிக்குள் அப்பீல் போட வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

1. கூட்டிச் செல்வதற்கும் கூட வருவதற்கும் என்ன வேறுபாடு?
2. வாடகை வண்டி ஓட்டுபவர்கள் சவாரி ஏற்றும்முன் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?
3. உங்கள் ஊரில் இலவச சட்ட உதவி அலுவலகம் எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்.